மேசையில் மிஞ்சிய ஸ்பிரிங்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி

கேள்வி: ஐயா, அப்பா விட்டுப்போன 1976-ஆம் ஆண்டு டட்சன் 620 பிக்கப் என்னிடம் இருக்கிறது. சிக்னல் சுவிட்ச் மாற்றுவதற்காக ஸ்டியரிங் தண்டை முழுதாகக் கழற்றினேன். திரும்பப் பூட்டியபின் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு வாஷரும் மேசையில் மிஞ்சிவிட்டன. வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. வலது சிக்னல் தானாக அணைகிறது, இடது அணைவதில்லை. சில திருப்பங்களில் ஹார்ன் அலறுகிறது. முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடைச் சரிசெய்தால் போதும் என்கிறார் தெரிந்த போர்மன் ஒருவர். செய்யலாமா?
வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: வேண்டாம் தம்பி. டை ராடைத் தொட்டால் ஸ்டியரிங் நேராகிவிடும், தண்டின் அடியிலுள்ள ஸ்டியரிங் கியர் பெட்டி கோணலாகிவிடும். உங்கள் வண்டியின் ஸ்டியரிங் பெட்டிக்குள் சிறு எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. அந்தப் பெட்டி நடுவில் இருக்கும்போதுதான் ஆட்டம் மிகக் குறைவு. நடுவை விட்டு விலகினால் நேர்ச்சாலையிலேயே ஸ்டியரிங் தளதளக்கும். வண்டி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் வளைவுகளில் அதை உணர்வீர்கள். அங்கே உணர்வது நல்லதல்ல.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி எண்ணுங்கள். அதில் பாதி சுற்றி நிறுத்துங்கள். முன் சக்கரங்கள் நேராக இருந்தால் பெட்டியில் குற்றமில்லை. பூட்டும்போது நீங்கள் தண்டின் தலையைச் சுற்றியுள்ள பற்களில் ஸ்டியரிங்கைச் சில பல் தள்ளி உட்காரவைத்திருக்கிறீர்கள். இடது சிக்னல் அணையாததும் பெரும்பாலும் அதனால்தான். ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக வைத்தால் இரண்டு நோயும் ஒன்றாகப் போகும். தண்டைப் பெட்டியோடு இணைக்கும் கப்ளிங்கையும் பிரித்திருந்தால் பல் அங்கே தவறியிருக்கலாம், அதையும் பாருங்கள். இந்த முறையாவது பிரிக்குமுன் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். நட்டை முழுதாக எடுக்காமல் இரண்டு மூன்று மரை விட்டுவைத்து, அதன்பின் ஸ்டியரிங்கைப் பிடுங்கும் கருவியான புல்லர் போட்டு இழுங்கள். பட்டர்வொர்த்தில் பத்தொன்பது வயதில் வேலை பழகியபோது நான் நட்டை எடுத்துவிட்டு இரு கையாலும் இழுத்தேன். ஸ்டியரிங் திடீரென்று விட்டு முகத்தில் வந்து மோதியது. தண்டின் பல்லைத் தேடப்போய் என் பல்லில் பாதி போயிற்று.

புல்லர் இல்லையென்று சுத்தியலால் தண்டின் தலையில் தட்டிவிடாதீர்கள். மோதலில் ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் மடங்கும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் கொண்டுவந்தது; அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களும் பின்பற்றினார்கள். உங்கள் தண்டும் அந்த வகையானால், விபத்தில் மடங்கவேண்டியது பட்டறையிலேயே மடங்கிவிடும். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் தேடினால் பழைய புல்லர் அகப்படும்.

மிஞ்சிய ஸ்பிரிங் பெரும்பாலும் மேல் பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் உட்காரும். பேரிங்கை அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. அது இல்லாததால்தான், கவனித்திருப்பீர்கள், ஸ்டியரிங்கைப் பிடித்து மேலே இழுத்தால் சற்றே எழும்பும். வாஷரை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பிரிங் உராய்ந்த வட்டத் தழும்பு ஒரு பக்கம் தெரியும். அந்தப் பக்கம் ஸ்பிரிங்கைப் பார்த்து இருக்கவேண்டும். உடன் கொஞ்சம் கிரீஸ்.

ஹார்ன் அலறுவது பெரும்பாலும் ஒயர் உரிந்து, தண்டைச் சுற்றியுள்ள குழாயில் படுவதால். புது ஒயர் போடுங்கள், டேப் சுற்றி ஒப்பேற்றவேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. தண்டின் அடியில், கப்ளிங்கைப் பிடிக்கும் போல்ட். தண்டில் அதற்கென்று ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போகவேண்டும். தண்டு முழுதாக இறங்காமல் இருக்கும்போது போல்ட் பள்ளத்துக்கு வெளியிலும் நுழைந்துவிடும், இறுகவும் செய்யும், பார்வைக்குச் சரியாகவே இருக்கும். பிறகு ஒருநாள் தண்டு கழன்று கையோடு வரும். டார்ச் பிடித்து, கண்ணால் பார்த்து, விரலால் தடவி உறுதிசெய்யுங்கள். கப்ளிங்கில் உள்ள ரப்பர் வெடித்திருந்தால் கப்ளிங்கையே மாற்றுங்கள்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் முடுக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பி, தண்டு தன் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டபின் இறுக்குங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் உள்ளதை முதலிலேயே இறுக்கினால் தண்டு வளைந்து நின்று கனக்கும். ஸ்டியரிங் நட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

முதல் ஓட்டம் காலியான திடலில், நடக்கும் வேகத்தில்.