இதய அறுவை சிகிச்சையில் மூளையைக் காப்பாற்றக் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்துகிறார்களாமே, அது கழிவு வாயு இல்லையா?

கழிவு வாயுதான். ஆனால் மூளையின் ரத்தக் குழாய்கள் அதன் பேச்சைத்தான் முதலில் கேட்கும். ரத்தத்தில் அதன் அழுத்தம் வழக்கமாக 35 முதல் 45 மி.மீ. பாதரசம். அதில் 1 மி.மீ. ஏறினால் மூளைக்குப் போகும் ரத்தம் சுமார் 3 சதவீதம் கூடும், இறங்கினால் அதே போலக் குறையும்.

நான் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட். நுரையீரலின் வேலையை ஆக்சிஜனேட்டர் பார்க்கும்போது இந்த அழுத்தம் என் கையிலிருக்கும் ஒரு திருகில் அடங்கிவிடும். ஆக்சிஜனேட்டருக்குள் வாயுவை (ஸ்வீப் என்போம்) வேகமாக விட்டால் கார்பன் டை ஆக்சைடு மளமளவென்று வெளியேறி, மூளைக் குழாய்கள் சுருங்கும். நெற்றியில் ஒட்டிய சென்சாரில் மூளையின் ஆக்சிஜன் அளவு இறங்கினால், ரத்த அழுத்தத்தோடு இதையும் பார்க்காமல் விடமாட்டோம்.

குளிர்விக்கும்போதுதான் சிக்கல். குளிர்ந்த ரத்தத்தில் வாயு அதிகமாகக் கரையும், அதனால் அழுத்தம் இறங்கும். 37 டிகிரியில் 40 இருந்தது 28 டிகிரிக்கு வந்தால் சுமார் 27தான். ஆனால் பரிசோதனைக் கருவி மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கி அளப்பதால், அதே ரத்தத்துக்கு 40 என்றே காட்டும். எதை நம்புவது?

கருவி காட்டும் 40 போதும் என்று விடுவது ஆல்ஃபா-ஸ்டாட். குளிர்ந்த உடலிலேயே 40 இருக்க வேண்டும் என்று கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாகச் சேர்ப்பது பி.எச்-ஸ்டாட். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முதல் முறைதான். மூளை தன் தேவைக்கேற்ப ரத்தத்தைத் தானே அளந்துகொள்ளும் திறன் அதில் கெடாது. தேவைக்கு மேல் ரத்தம் போனால் கொழுப்புத் துகள், நுண்குமிழ் எல்லாம் கூடவே போய்ச் சேரும். ஆனால் 18 டிகிரி வரை குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே நிறுத்த வேண்டிய பச்சிளம் குழந்தை என்றால் கதை வேறு. குழாய்கள் விரிந்திருந்தால்தான் மூளையின் எல்லாப் பகுதியும் சீராகக் குளிரும், எனவே அங்கே பி.எச்-ஸ்டாட். ஒரே முறையை எல்லோருக்கும் பொருத்தப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது ஒருவேளை இன்னொன்றாக இருக்கலாம். வால்வு அறுவையில் இதயத்தைத் திறக்கும்போது, காற்று உள்ளே புகுந்து குமிழாக மூளைக்குப் போய்விடாமலிருக்க, காயத்துக்குள் இந்த வாயுவைப் பாய்ச்சி வைப்பார்கள். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் உள்ளேயே தங்கும். குமிழாக மாட்டிக்கொண்டாலும் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் ரத்தத்தில் கரையும். எக்கோவில் குமிழ்கள் குறைவது தெரியும். பக்கவாதமும் குறைகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் இல்லை. ஆனாலும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும், காயத்தில் தேங்கிய வாயுவை உறிஞ்சுகுழாய் ரத்தத்தோடு சேர்த்து இயந்திரத்துக்குள் இழுத்துவிடும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். அதனால் சர்ஜன் வாயுவைத் திறக்கச் சொன்னதும் அடுத்த ரத்த மாதிரியைச் சீக்கிரமே எடுத்துப் பார்த்து, அதற்கேற்ப ஸ்வீப்பைக் கூட்டுவேன்.