விஞ்ஞானிகளே “நிச்சயமில்லை” என்னும்போது புவி சூடாவதை எப்படி நம்புவது?

அளவீடுகளில் எல்லாம் பிழை வரம்பு போட்டிருக்கிறார்கள், வானிலை நிலையங்களோ நகரங்களின் சூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன, அப்புறம் எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இதே கேள்வி வகுப்பில் வரும்போதெல்லாம் ரிச்சர்ட் முல்லரைப் பற்றித்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். நகர வெப்பம் கணக்கைக் கெடுக்கிறதா, நிலையங்களைப் பொறுக்கி எடுக்கிறார்களா, பழைய பதிவுகளைத் திருத்துகிறார்களா என்று உங்களைப் போலவே சந்தேகப்பட்டவர். 2010-இல் குழு சேர்த்துக்கொண்டு முதலிலிருந்து கணக்குப் போட உட்கார்ந்தார். நிதி தந்தவர்களில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் உண்டு.

அவர்கள் செய்ததில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். தெர்மாமீட்டரை இடம் மாற்றினால் அந்த நிலையத்தின் வெப்பநிலைக் கோடு திடீரென்று ஒரு படி ஏறும், அல்லது இறங்கும். வழக்கமாக அதைத் திருத்திச் சரிசெய்வார்கள். இவர்கள் அந்த இடத்தில் பதிவை வெட்டி, இரண்டு தனி நிலையங்களாக எண்ணிக்கொண்டார்கள். அப்புறம் செயற்கைக்கோள் தரவை வைத்து, நகரங்களை விட்டு விலகியிருக்கும் நிலையங்களை மட்டும் தனியே பார்த்தார்கள். சூடேறும் போக்கு குறையவில்லை.

முடிவு எதுவானாலும் ஏற்பேன் என்று முன்பே எழுதியிருந்த ஆண்டனி வாட்ஸ் என்ற அமெரிக்க வலைப்பதிவர், இவரும் சந்தேகப்பட்டவர்தான், முடிவு வந்ததும் மறுத்துவிட்டார். முல்லர் மறுக்கவில்லை. 250 ஆண்டுகளில் நிலப்பரப்பு சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது, காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதர்கள்தான் என்று 2012-இல் பத்திரிகையில் எழுதினார். சந்தேகப்படுகிறவர் என்று நான் மதிப்பது இவரைத்தான்.

அந்தக் குழுவின் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். 1800-க்கு முன்னால் வெப்பநிலைக் கோட்டைச் சுற்றிய பிழைப் பட்டை, அதாவது கணக்கு எவ்வளவு தவறியிருக்கலாம் என்று காட்டும் பட்டை, அவ்வளவு அகலம், நிலையங்கள் குறைவு. 1950-க்குப் பின் கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. எந்தக் காலத்தை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களே அளந்து கொடுத்திருக்கிறார்கள்.

உண்மையான நிச்சயமின்மை வேறிடத்தில் இருக்கிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் எவ்வளவு சூடாகும்? 1979-இல் அமெரிக்க வானிலை விஞ்ஞானி சார்னியின் குழு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. 2021-இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி அதை 2.5 முதல் 4 வரை என்று சுருக்கியது. நாற்பது ஆண்டு உழைத்தும் இவ்வளவுதான் சுருங்கியது. முக்கியக் காரணம் மேகங்கள்: சூடான உலகில் அவை எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதைக் கணிப்பது அவ்வளவு கடினம். சந்தேகப்பட வேண்டுமானால் அங்கே போய்க் கேளுங்கள், அங்கே இன்னும் வேலை இருக்கிறது.