சிகாகோவுக்குப் போகிறோம்: மகளுக்கு நகரத்துப் பள்ளியா, புறநகர்ப் பள்ளியா?

கேள்வி: என் கணவரை அவருடைய நிறுவனம் சிகாகோ அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறது. ஜூலையில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். மகள் இங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், மகன் நான்காவது. அலுவலகம் நகரத்தின் நடுவில், லூப் பகுதியில். "சிகாகோ நகரத்திலேயே அமெரிக்காவின் பெயர்பெற்ற அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, அலைச்சலும் மிச்சம்" என்கிறார் கணவர். அங்கிருக்கும் நண்பர்களோ, "புறநகரான நேப்பர்வில் தவிர வேறெங்கும் வீடு பார்க்காதீர்கள், ரேட்டிங் பிரமாதம், நல்ல பிள்ளைகள் படிக்கிற இடம்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். மாமியார், "பத்தாவது பரீட்சையை இங்கேயே எழுதிவிட்டு வரட்டும்" என்கிறார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எதை வைத்து முடிவு செய்வது?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மாமியார் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதற்குப் பதில் சுலபம். வேண்டாம், மகளை இப்போதே அழைத்துப் போங்கள். அமெரிக்காவில் ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரை. இந்த ஆகஸ்டில் அவள் 9இல் சேர்ந்தால், பல நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வந்து சேரும் பிள்ளைகளோடு அவளும் ஒரு புதுமுகம். பத்தாவது முடித்துவிட்டுப் போனால் நேரே 11இல் போய் விழுவாள். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் ஏ.சி.டி. என்ற கல்லூரி சேர்க்கைத் தேர்வை எழுதுவது அந்த வருஷம்தான், அடுத்த இலையுதிர் காலத்தில் கல்லூரி விண்ணப்பங்கள். நண்பர்கள் கூட்டமெல்லாம் அதற்குள் செட் ஆகியிருக்கும். போர்டு தேர்வில் 95 சதவீதம் வாங்கினாலும் அந்த இரண்டு வருஷ நஷ்டத்துக்கு ஈடாகாது.

அடுத்து கணவர் சொல்வது. அவர் சொல்வது பொய்யில்லை. வால்டர் பேடன், நார்த்சைடு, விட்னி யங், ஜோன்ஸ், லேன் டெக் என்று நுழைவுத்தேர்வு வைத்து எடுக்கும் பள்ளிகள் சிகாகோவில் 11 இருக்கின்றன. மிஷல் ஒபாமா படித்தது விட்னி யங்கில். ஆனால் அவற்றில் சேரும் முறையை அவர் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மொத்தம் 900 புள்ளி: பாதி ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு, பாதி நுழைவுத்தேர்வுக்கு. 30 சதவீத இடங்கள் புள்ளி வரிசைப்படி போகும். மீதியை, மாணவர் வசிக்கும் பகுதியின் பொருளாதார நிலையை வைத்து நான்கு அடுக்காகப் பிரித்துக் கொடுப்பார்கள். நம் ஊர் இடஒதுக்கீடு தெரிந்தவர்களுக்கு இது புரிவது கஷ்டமில்லை, சாதிக்குப் பதில் குடியிருக்கும் வட்டாரம். விண்ணப்பம் முந்தின வருஷம் இலையுதிர் காலத்தில் திறந்து வருஷக் கடைசி வாக்கில் முடிந்துவிடும். நீங்கள் போவது ஜூலையில். மிச்சம் விழும் இடங்களுக்குப் பின்னால் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதை நம்பி யாரும் வீடு பார்க்கக் கூடாது.

ஆக, உங்கள் மகளைப் பொறுத்தவரை "சிகாகோ நகரத்துப் பள்ளி" என்றால் நீங்கள் குடியேறும் தெருவுக்கு ஒதுக்கப்பட்ட பேட்டைப் பள்ளிதான், பேடனோ நார்த்சைடோ இல்லை. பேட்டைப் பள்ளி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வடக்குப் பக்கத்தில் லிங்கன் பார்க், ஆமண்ட்சென், சென் போன்றவை பெற்றோர் விரும்பிச் சேர்க்கிற பள்ளிகள்தான். ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டம்கூட உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வேறு சில பேட்டைகளில் நாலு மாடிக் கட்டடத்தில் கால்வாசிப் பிள்ளைகள்கூட இருக்க மாட்டார்கள். பிள்ளைகள் குறைந்தால் வகுப்புகள் குறையும், பிரெஞ்சு போகும், இசைக்குழு போகும், மேல்நிலைக் கணக்கு போகும். சிகாகோவைப் பற்றி மொத்தமாக ஒரு வார்த்தை சொல்ல யாராலும் முடியாது. எந்தப் பேட்டை, எந்தத் தெரு என்று கேட்டால்தான் பேச்சே தொடங்கும்.

இப்போது நேப்பர்வில். நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரோராவில் பாலாஜி கோவில், லெமான்ட்டில் ராமர் கோவில், சனி ஞாயிறில் தமிழ் வகுப்பு, இட்லி மாவுக்குப் பத்து நிமிஷம். புது ஊரில் முதல் வருஷத் தனிமையை இவை எவ்வளவோ குறைக்கும், அதைக் கிண்டல் செய்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பள்ளிகளும் நல்ல பள்ளிகள்தான். ஆனால் "நேப்பர்வில் பள்ளி" என்று ஒரு பள்ளி கிடையாது. ஊரின் ஒரு பகுதி 203ஆம் டிஸ்ட்ரிக்ட் (பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகப் பகுதி), அங்கே நேப்பர்வில் சென்ட்ரலும் நார்த்தும். இன்னொரு பகுதி 204, அங்கே நூக்குவா வேலி, மெட்டியா வேலி, வாபான்சி வேலி. இவற்றில் கடைசி இரண்டும் இருப்பதே பக்கத்து ஊரான அரோராவில். தென்மேற்கு ஓரத்தில் சில வீடுகளுக்கு முகவரி நேப்பர்வில், பள்ளியோ பிளெயின்ஃபீல்டு 202. வடக்கே பஃபலோ குரோவில் இதைவிட வேடிக்கை. ஒரு பகுதி வீடுகள் பெயர்பெற்ற ஸ்டீவன்சன் பள்ளிக்குப் போகும் (டிஸ்ட்ரிக்ட் 125), மற்றது 214க்கு. இரண்டுக்கும் ஊர்ப் பெயர் ஒன்றுதான். வாடகை விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பி லீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆகஸ்டில் முழிக்கிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

இந்த ரேட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். வீடு தேடும் தளங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று ஒரு எண் வரும். அதில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண். தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் வருமானத்தோடும் படிப்போடும் ஒட்டியே போகிற சமாசாரம். இல்லினாயில் பள்ளிகளுக்கான பணத்தில் பெரும்பகுதி உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது. விலையுயர்ந்த வீடுகள் இருக்கிற ஊரில் பள்ளிக்குப் பணம் சேரும், பள்ளி நன்றாக இருக்கிறது என்று வீட்டு விலை இன்னும் ஏறும். இதைச் சரிசெய்யவே 2017இல் மாநில அரசு நிதிப் பங்கீட்டு முறையை மாற்றியது, இடைவெளி இன்னும் அடைபடவில்லை. எனவே அந்த எண் உங்கள் மகளுக்கு அங்கே எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதைவிட, அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது.

"நல்ல பிள்ளைகள் படிக்கிற இடம்" என்ற வரியும் அதே ஊற்றிலிருந்து வருவதுதான். சிகாகோவில் கறுப்பின மக்களுக்கு வங்கிக் கடனும் வீடும் மறுத்தே பேட்டைகளைப் பிரித்த வரலாறு நீண்டது. அந்தக் கோடுகள் இன்றைக்கும் பள்ளி எல்லைகளில் தெரிகின்றன. நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் "ஏரியா சரியில்லை" என்று சொல்லும்போது குற்றங்களைப் பற்றிய உண்மையான கவலையும் இருக்கலாம், தோல் நிறத்தைப் பற்றிய பேச்சும் இருக்கலாம். எது எது என்று நீங்கள்தான் பிரித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணுக்குப் பதிலாக வேறு எதைப் பார்ப்பது? இல்லினாய் ரிப்போர்ட் கார்டு என்று மாநிலக் கல்வித் துறையே ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடுகிறது. அதில் ஒன்பதாம் வகுப்பில் பாடம் தவறாமல் கரையேறுகிறவர்கள் எத்தனை சதவீதம், ஆசிரியர்கள் எத்தனை பேர் தொடர்ந்து அங்கேயே இருக்கிறார்கள், அடிக்கடி மட்டம் போடும் பிள்ளைகள் எத்தனை என்று பாருங்கள். ஆசிரியர்கள் ஓடிக்கொண்டே இருக்கிற பள்ளி எந்த ஊரில் இருந்தாலும் யோசிக்க வேண்டிய பள்ளி.

சரி, உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி எது தெரியுமா? "எனக்குக் கார் ஓட்டத் தெரியாது."

நேப்பர்வில்லில் 59ஆம் சாலையை ஒட்டி வாடகைக் குடியிருப்புகள் நிறைய. கணவர் காலையில் மெட்ரா என்ற புறநகர் ரயில் பிடித்தால் வேக வண்டியில் முக்கால் மணி, எல்லா நிலையத்திலும் நிற்கிற வண்டி என்றால் ஒரு மணிக்கும் மேல். ஒரே கார் என்றால் அது ஸ்டேஷன் வாசலில் நிற்கும். மகளுக்குக் காலையில் மஞ்சள் பஸ் வரும், வீடு ஒன்றரை மைலுக்கு அப்பால் இருந்தால் இலவசம். பிரச்சினை மாலையில். அமெரிக்க ஹைஸ்கூலில் பாதி வாழ்க்கை கடைசி மணிக்குப் பிறகுதான்: நாடகம், பேண்டு, ரோபாட்டிக்ஸ், நீச்சல். புதிதாக வந்த பிள்ளைக்கு நட்பு கிடைப்பதும் அங்கேதான். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். ஐந்தரைக்கு ஒத்திகை முடிந்து பெற்றோர் கார்கள் வரிசையாக வந்து ஒவ்வொருவராகக் கூட்டிப் போக, உங்கள் மகள் யாராவது தோழியின் அம்மாவிடம் லிஃப்ட் கேட்க வேண்டியிருக்கும். இரண்டு தடவை கேட்பாள். மூன்றாவது தடவை, "எனக்கு அந்த கிளப் பிடிக்கவில்லைம்மா" என்று வந்து நிற்பாள். பிடிக்காமல் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். அவள் தானே ஓட்ட 16 வயது ஆக வேண்டும். ஆகவே நேப்பர்வில்தான் என்றால், நீங்கள் போன முதல் மாதமே லைசென்ஸ் வகுப்பில் சேருங்கள், இரண்டாவது காருக்கும் பணம் ஒதுக்குங்கள். அல்லது நேப்பர்வில் சென்ட்ரல் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு தேடுங்கள். பள்ளி ஊரின் பழைய மையத்தை ஒட்டி இருக்கிறது, நூலகமும் பக்கம். அங்கே வாடகை வீடுகள் குறைவு, கிடைத்தால் விடாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் வருஷத்துக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் பார்ப்பேன். சிகாகோவை ஒட்டினாற்போல சில பழைய புறநகர்கள் இருக்கின்றன: வடக்கே எவன்ஸ்டன், ஸ்கோக்கி, மேற்கே ஓக் பார்க். மூன்றிலிருந்தும் சிகாகோ நகர ரயிலிலேயே லூப்புக்குப் போகலாம், ஸ்கோக்கியிலிருந்து எப்போதும், எவன்ஸ்டனிலிருந்து நெரிசல் நேரம் தவிர மற்ற நேரங்களில், ஹோவர்டு நிலையத்தில் ஒரு மாற்றம். நடைபாதை உண்டு, பஸ் உண்டு, மகள் தானாகவே நூலகத்துக்கும் கடைக்கும் போய் வருவாள். எவன்ஸ்டனுக்கு ஒரே பெரிய ஹைஸ்கூல்தான், பணக்கார வீட்டுப் பிள்ளையும் கூலி வீட்டுப் பிள்ளையும் ஒரே வாசலில் நுழைவார்கள். ஸ்கோக்கியில் நைல்ஸ் நார்த், நைல்ஸ் வெஸ்ட் இரண்டும் பல தேசத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்து பழகிய பள்ளிகள், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையை என்ன செய்வது என்று அலுவலகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். கறிவேப்பிலைக்கு, இந்தியக் கடைகள் இருக்கும் டெவான் அவென்யூ பக்கத்தில். இங்கேயும் எல்லைக் குழப்பம் உண்டு. ஸ்கோக்கியின் ஒரு ஓரம் எவன்ஸ்டன் பள்ளிக்குப் போகும். உங்கள் மகனுடைய தொடக்கப் பள்ளிக்கோ தனித்தனிச் சின்ன டிஸ்ட்ரிக்டுகள், அதில் ஒன்றின் எண் 73½. (அரை எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்களோ!) நேப்பர்வில்லில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே டிஸ்ட்ரிக்ட் என்பது இந்த விஷயத்தில் அதற்கு ஒரு பிளஸ்.

ஒரு வருஷ லீஸ் போதும், வீடு வாங்கும் பேச்சை யார் எடுத்தாலும் தள்ளிப் போடுங்கள். மகள் ஒன்பதாவது முடிக்கும்போது உங்களுக்கே எல்லாம் பிடிபட்டிருக்கும்.

எந்தப் பள்ளியானாலும் சேர்க்கையில் இரண்டு இடத்தில் கண் வையுங்கள். ஒன்று கணக்கு. அங்கே அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீ கால்குலஸ், கால்குலஸ் என்று வருஷத்துக்கு ஒரு படி. வேகமான பிள்ளைகள் எட்டாவதிலேயே அல்ஜீப்ரா 1 முடித்திருப்பார்கள். நம் பாடத்திட்டத்தில் எல்லாம் கலந்து வருவதால், கவுன்சலர் சான்றிதழைப் பார்த்துவிட்டு அல்ஜீப்ரா 1இல் போட்டுவிடக்கூடும். அப்படிப் போட்டால் வழக்கமான வேகத்தில் 12இல் பிரீ கால்குலஸோடு நின்றுவிடுவாள். பொறியியல் ஆசை இருந்தால் இது இடிக்கும். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டு போய், பிளேஸ்மென்ட் தேர்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் வைப்பார்கள்.

இன்னொன்று, வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறீர்களா என்று கேட்கும் படிவம். "ஆம்" என்று எழுதினால் மகளுக்கு ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதற்குப் பயந்து தமிழையே மறைத்து "இல்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு. உள்ளதை எழுதுங்கள். தேர்வில் தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால் ஆங்கிலத்துக்கு உதவி வகுப்பு கொடுப்பார்கள், பேச்சில் தயக்கம் இருக்கிற பிள்ளைக்கு அது நல்லதே. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு.

வீடு பிடித்துப்போனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கதவு எண்ணைச் சொல்லி டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தப் பள்ளி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். யாராவது, "என் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிடலாம்" என்று ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இல்லினாயில் அது குற்றம். அப்புறம், ஒன்பதாம் வகுப்பில் சேரும் எல்லாருக்கும் உடல் பரிசோதனைச் சான்றும் தடுப்பூசிக் கணக்கும் கேட்பார்கள், அக்டோபர் 15க்குள் கொடுக்காவிட்டால் பள்ளிக்குள் விடமாட்டார்கள். சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு டோஸும் போட்டிருக்கிறதா என்று இப்போதே உங்கள் குழந்தை மருத்துவரிடம் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் கோவையிலேயே போட்டு, தேதியோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அட்டையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.