பல் வரிசையா, பல் கடியா? எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. மேல் முன்பற்கள் தூக்கலாக இருக்கின்றன. ஓரிடத்தில் உலோகக் கிளிப் போடலாம் என்கிறார்கள். இன்னோரிடத்தில் வெளியே தெரியாத, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர்தான் நல்லது, ஆனால் செலவு கூடும் என்கிறார்கள். மகளுக்கு அலைனர்தான் வேண்டுமாம். எதை வாங்குவது?

பதில்: வாங்குவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் மகளை நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைப் பாருங்கள். "கடித்துக் காட்டு" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் கீழ்த்தாடையை முன்னால் தள்ளி, முன்பல்லோடு முன்பல்லை வைத்துக் காட்டுவார்கள். எச்சிலை விழுங்கிவிட்டுக் கடைவாய்ப் பற்களை அப்படியே மூடி வைக்கச் சொல்லுங்கள். இப்போது மேல் முன்பல்லின் நுனிக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே முன்பின்னாக எவ்வளவு இடைவெளி? 2, 3 மில்லிமீட்டர் என்றால் இயல்பு. 6 மில்லிமீட்டரைத் தாண்டினால், கீழே விழும்போது அந்தப் பற்கள் உடையும் வாய்ப்பு அதிகம். அப்போது இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை.

அப்புறம் ஒரு கரண்டிக் காம்பால் கன்னத்தை ஒதுக்கிப் பாருங்கள். ஆறு வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். மேல்பல்லின் முன்பக்க மேடு கீழ்ப்பல்லின் வெளிப்புறப் பள்ளத்தில் உட்கார வேண்டும். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-இல் பல் கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தை, வகை பிரித்தது இந்த ஒரு பூட்டை வைத்துத்தான். இன்றும் அதே அளவுகோல்தான். மேல் மேடு அந்தப் பள்ளத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தால், பெரும்பாலும் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது என்று பொருள். பல்லை மட்டும் நேராக்கி அதைச் சரிசெய்ய முடியாது.

வயது முக்கியமாவது இங்கேதான். தாடை வளரும்போதே கீழ்த்தாடையை முன்னே பிடித்துவைக்கும் கருவிகள் உண்டு. ட்வின் பிளாக் அதில் ஒன்று. வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில்தான் அவை நன்றாக வேலை செய்யும். 13 வயதில் பையன்கள் பலருக்கு அந்த வேகம் நடந்துகொண்டிருக்கும்; பெண் பிள்ளைகளுக்கு அநேகமாக அடங்கத் தொடங்கியிருக்கும். உங்கள் மகளுக்கு எவ்வளவு மிச்சம் என்பதைப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்து முள்ளெலும்புகளின் வடிவம் பார்த்துக் கணிப்பார்கள். ஆகவே இரண்டு இடத்திலும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: "இவளுக்கு இன்னும் தாடை வளருமா? சிகிச்சை முடியும்போது கடைவாய்ப் பற்கள் எப்படிப் பூட்டியிருக்கும்?" இதற்குப் பதில் சொல்லாமல் கம்பியின் நிறத்தையே பேசுகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

சரி, அலைனருக்கு வருவோம். ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடக் கழற்றி, பல் துலக்கி, திரும்ப மாட்ட வேண்டும். மகள் இதைச் செய்வாளா என்பது உங்களுக்குத்தான் தெரியும். "வெளியே தெரியாது" என்பதும் முழு உண்மை இல்லை. பிடிப்புக்காகப் பல்மேல் சின்னச் சின்ன மேடுகளை ஒட்டுவார்கள். சில பேருக்கு ரப்பர் வளையமும் மாட்ட வேண்டிவரும். கிளிப்பில் கழற்றும் சோதனையே இல்லை. ஆனால் துலக்குவதில் சோம்பல் காட்டினால், கிளிப்பை எடுத்த பிறகு அதைச் சுற்றி வெள்ளைத் திட்டு நிற்கும். அது அவ்வளவு சுலபமாகப் போகாது.

"சீக்கிரம் முடியும்" என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பல் நகர, ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக உருவாக வேண்டும். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் அதன் நடை. பிராக்கெட் என்பது பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடிக்கும் சின்னத் துண்டு; தானே பூட்டிக்கொள்ளும் விலை உயர்ந்த பிராக்கெட்டுகளைச் சாதாரணக் கிளிப்போடு ஒப்பிட்ட ஆய்வுகளும் சொல்லும்படியாகக் காலம் மிச்சமாவதைக் காட்டவில்லை.

கேள்வி: வீட்டுக்கே அச்சு எடுக்கும் பெட்டி அனுப்பி, அலைனரையும் தபாலில் அனுப்புகிறார்களே, 15 வயதுப் பையனுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஈறுக்குள் படுத்துக் கிடக்கும் கோரைப்பல் அச்சில் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். இந்த வியாபாரத்தில் பெரிய பெயரான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். இன்னொன்று: முன்பல் இடைவெளியை ரப்பர் பேண்ட் கட்டி மூடும் வித்தையைப் பையன் எங்காவது பார்த்திருந்தால் உடனே தடுங்கள். பல்லின் வேர் கூம்பு வடிவம். ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறி, நல்ல பல்லையே பிடுங்கிவிடும்.

கேள்வி: கிளிப்பை எடுத்தாயிற்று. இப்போது பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரீடெய்னருக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். இது கறக்கும் வேலைதானே?

பதில்: ரீடெய்னர் தேவைதான். அதை முதல் நாளே சொல்லாமல் விட்டதுதான் தவறு. பல்லைச் சுற்றியுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழகப் பல மாதம் ஆகும்; திரும்பியிருந்த பற்கள்தான் முதலில் பழைய இடத்துக்கு ஓடும். பிறகும் இரவில் மாட்டுவதைத் தொடர வேண்டும்.

என் மகன் முதல் ரீடெய்னரைச் சாப்பாட்டு மேசையில் டிஷ்யூவில் சுற்றி வைத்தான். தட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போனது. இரண்டாவதை நான்தான் சுத்தம் செய்கிறேன் என்று கொதிநீரில் போட்டு நெளித்தேன். ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே ரீடெய்னர், உடைந்த பிராக்கெட், கடைசித் திருத்தங்கள் எல்லாம் தொகையில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். பல்லை ஸ்கேன் செய்த கோப்பின் நகலையும் கேளுங்கள். அது இருந்தால், தொலைந்த அன்றே சொல்லி அடுத்ததைச் செய்துவிடலாம், வாயில் திரும்ப அச்சு எடுக்க வேண்டியதில்லை.