விலுக்கப்: முதல் வரி சரி, கீழே இழுத்தால் #என்/ஏ

எக்செலில் பொருளின் விலையைத் தேடி எடுக்கும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவில், விலைப்பட்டியலின் முகவரியைப் பூட்டாமல் விட்டிருக்கிறீர்கள். முதல் வரியில் விலை சரியாக வந்து, ஃபார்முலாவைக் கீழே இழுத்ததும் சில பொருட்களுக்கு மட்டும் #என்/ஏ (தேடியது கிடைக்கவில்லை என்ற பிழை) வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பட்டியலின் முகவரி டி2:ஈ200 என்றால், அடுத்த வரியில் அது டி3:ஈ201 ஆகும், அதற்கடுத்து டி4:ஈ202, இப்படி இறங்க இறங்கப் பட்டியலின் மேல்வரிகள் ஒவ்வொன்றாக வெளியே போய்விடும்.

முதல் வரி ஃபார்முலாவில் டி2:ஈ200 முழுவதையும் செலக்ட் செய்து எஃப்4 தட்டுங்கள் (சில லேப்டாப்பில் எஃப்என் விசையும் சேர்த்து). $டி$2:$ஈ$200 என்று மாறும், அப்புறம் மறுபடி இழுங்கள். தேட வேண்டிய பொருள் குறியீடு இருக்கும் ஏ2-வையும் சேர்த்துப் பூட்டிவிடாதீர்கள், எல்லா வரியிலும் ஒரே விலைதான் வரும்.

சந்தேகமாக இருந்தால் பிழை காட்டும் கட்டத்தில் எஃப்2 தட்டிப் பாருங்கள், வண்ணப் பெட்டி பட்டியலை விட்டுக் கீழே நகர்ந்திருக்கும். நகராமலே பிழை வந்தால், பொருள் குறியீடு ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் பதிவாகியிருக்கலாம், இல்லை கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும்.

ஃபார்முலா முடிவில் 0 இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை விட்டால் தோராயமாகத் தேடி, பிழையே காட்டாமல் வேறு பொருளின் விலையைக் கொடுத்துவிடலாம். #என்/ஏ எவ்வளவோ தேவலை.