நகலை வியந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் புக்காரெஸ்டில் பணியாற்றுகிறேன். சென்ற மாதம் மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் டான்யூபைக் கடந்து பல்கேரியாவுக்குச் சென்றிருந்தேன். வெலிகோ டர்னோவோவில் உள்ள சாரெவெட்ஸ் கோட்டை எங்கள் அனைவரையும் கவர்ந்தது. மதில்கள், வாயில்கள், உச்சியில் தேவாலயம், தென்கிழக்கு மூலையில் பால்ட்வின் கோபுரம் என எல்லாமே முழுமையாக இருந்தன. திரும்பும் வழியில், நீங்கள் முன்பு எழுதியிருந்த நினைவில், செர்வென் கோட்டைக்கும் சென்றோம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். முழங்கால் உயரச் சுவர்கள், புல், ஒரே ஒரு கோபுரம். ‘இவ்வளவுதானா?’ என்று மனைவி கேட்டாள். பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாரெவெட்ஸைப் போல இதையும் அரசு ஏன் எழுப்பிக் கட்டவில்லை? இத்தகைய இடங்களைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? பேரரசர் பால்ட்வின் அந்தக் கோபுரத்தில்தான் சிறையிருந்தாரா? பல்கேரிய வரலாற்றுக்கு நல்ல நூல் ஒன்றையும் சொல்லுங்கள். சாரெவெட்ஸின் ஒலி-ஒளிக் காட்சியைத் தவறவிட்டுவிட்டோம், அதற்காக மீண்டும் ஒருமுறை செல்லலாமா?

ந.,
புக்காரெஸ்ட்

அன்புள்ள ந.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் பெர்னிக் நகருக்கு மேலே உள்ள கிராக்ரா கோட்டையின் புகைப்படங்களைப் பார்த்துச் சினந்துகொண்டிருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியைக் கொண்டு பல்கேரியாவின் பல குன்றுகளில் எழுப்பப்பட்ட புதிய ‘இடைக்கால’ மதில்களில் அதுவும் ஒன்று. அதைப் பிளாஸ்டிக் கோட்டை என்றும், அதன் கூட்டாளிகளை அட்டைக் கோட்டைகள் என்றும் பல்கேரியர்களே கேலி செய்கிறார்கள். அந்தச் சினம் ஆறுவதற்குள் ‘அரசு ஏன் எழுப்பிக் கட்டவில்லை?’ என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள். ஆகவே பதிலில் சற்றுக் காரம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஒலி-ஒளிக் காட்சிக்காக ஒருவர் எல்லை கடந்து செல்ல வேண்டியதில்லை. நூல் எதையும் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். கண்ணெதிரே இருந்த கல்லைப் படிக்காமல் வந்தவருக்கு நூலைக் கொடுத்தால் அதையும் புரட்டிவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்பார்.

பால்ட்வினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் ஃபிளாண்டர்ஸ் பிரபு. நான்காம் சிலுவைப்போர் பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடிய 1204ஆம் ஆண்டில், சிலுவைப்போரினர் அங்கே நிறுவிய ஆட்சியின் முதல் பேரரசராக, அதாவது முதல் லத்தீன் பேரரசராக முடிசூட்டப்பட்டவர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி அட்ரியானோபிள் போரில் பல்கேரிய அரசர் கலோயனிடம் சிறைப்பட்டு, டர்னோவோவுக்குக் கொண்டுவரப்பட்டார், சிறையிலேயே இறந்தார். எப்படி இறந்தார் என்பதில் பைசாந்தியச் சரித்திர ஆசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. கை கால்களை வெட்டிப் பள்ளத்தில் எறிந்தார்கள் என்று நிகேதாஸ் கோனியாதேஸ் எழுதுகிறார். மண்டையோட்டைக் கலோயன் மதுக்கிண்ணம் ஆக்கிக்கொண்டார் என்று அக்ரோபோலிதேஸ் எழுதுகிறார். 1225இல் ஃபிளாண்டர்ஸில் ஒருவர் தோன்றி ‘நானே பால்ட்வின்’ என்று அறிவித்து, பலரை நம்பவும் வைத்து, கடைசியில் தூக்கில் தொங்கினார் என்பது தனிக் கதை. ஆனால் நீங்கள் புகைப்படம் எடுத்துக்கொண்ட அந்தக் கோபுரத்தில் பால்ட்வின் ஒரு நாளும் இருந்ததில்லை, ஏனெனில் அது 1930களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். அந்தக் கோபுரத்தை எதைப் பார்த்துக் கட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? செர்வெனில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து நின்றுகொண்டிருக்கும் மூன்றடுக்குக் கோபுரத்தைப் பார்த்துத்தான். உங்கள் கடிதத்தில் ‘ஒரே ஒரு கோபுரம்’ என்று புல்லோடும் முழங்கால் சுவரோடும் சேர்த்து ஒதுக்கினீர்களே, அதே கோபுரம்தான் மூலம். முதல் நாள் நகலின் முன் வாய்பிளந்து நின்றீர்கள், மறுநாள் மூலத்தின் முன் கொட்டாவி விட்டீர்கள். இதற்காக உங்களை மட்டும் குறைசொல்ல மாட்டேன். நகல் முழுமையாக இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, ஒரு பேரரசரின் கதையும் அதோடு ஒட்டியிருக்கிறது. மூலத்திற்கு இவை எதுவும் இல்லை. இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். 1205இல் சிறைப்பட்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய கட்டடத்துக்கு, அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் வேறோர் ஊரில் எழுந்த கட்டடத்தின் உருவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளின் மனத்தில் அந்த உருவம்தான் இனி 1205ஆம் ஆண்டாக நிற்கும். பிறகு எந்த ஆசிரியர் வந்து சொன்னாலும் அது எளிதில் அழியாது.

மீட்டுக் கட்டுதல் என்பது அறிவின் எல்லையில் நின்றுவிட வேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு முடிந்துவிட வேண்டும் என்று பழங்கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிகளை வகுத்த 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் தெளிவாகச் சொல்கிறது. விழுந்து கிடக்கும் அசல் கற்களை அவற்றின் இடத்தில் மறுபடி பொருத்தலாம், புதிதாகச் செய்து நிரப்பக் கூடாது. சாரெவெட்ஸின் பெரும் கட்டுமானப் பணிகள் இந்தச் சாசனத்துக்குப் பின்னரும் தொடர்ந்து 1981இல் முடிக்கப்பட்டன. ஏன் 1981 என்றால், 681இல் நிறுவப்பட்ட பல்கேரிய அரசின் 1300ஆம் ஆண்டு விழா அப்போது கொண்டாடப்பட்டது. விழா எடுக்கும் அரசுக்கு முழுமையான மதில் தேவைப்படுகிறது, இடிந்த மதில் சங்கடத்தைத் தருகிறது.

அந்தச் சங்கடத்தைத்தான் நான் மதிக்கிறேன். டர்னோவோ எப்படி வீழ்ந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அசேன், பீட்டர் என்ற சகோதரர்கள் 1185இல் பைசாந்தியத்துக்கு எதிராகக் கலகக்கொடி உயர்த்திய ஊர் அது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இரண்டாம் பல்கேரியப் பேரரசின் தலைநகராக இருந்தது. யாந்த்ரா ஆறு வளைந்து வளைந்து சுற்றிவர, ஒரு குறுகிய பாறைக் கழுத்தின் வழியாக மட்டுமே உள்ளே நுழைய முடிகிற குன்று. 1393இல் உதுமானியப் படை மூன்று மாதங்கள் முற்றுகையிட்டபோது அரசர் இவான் ஷிஷ்மன் நகரில் இல்லை. தலைமைக் குருவான எவ்திமி என்ற துறவிதான் தற்காப்பை நடத்தினார். ஜூலை 17ஆம் தேதி நகரம் வீழ்ந்தது. அதன்பின் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் அந்த நாட்டுக்குச் சொந்த அரசு இல்லை. இவ்வளவும் நிகழ்ந்த குன்றில், ஒரு கல் கூடப் பெயராதது போன்ற மதிலைப் பார்த்துவிட்டு நீங்கள் இறங்கி வந்திருக்கிறீர்கள். 1393 என்ற ஆண்டு உங்கள் கடிதத்தில் இல்லை. அது உங்கள் குற்றமன்று, அந்த ஆண்டை அங்கே சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டார்கள்.

ஆயினும் ஓர் அநீதியைச் செய்ய மாட்டேன். சாரெவெட்ஸின் உச்சியில் உள்ள தேவாலயத்தை நான் முழுவதுமாக வெறுக்கவில்லை. வெளிப்புறம் இடைக்காலத்தைப் போல நடிக்கிறது, அது எனக்கு உவப்பில்லை. ஆனால் உள்ளே தெயோஃபான் சோகெரொவ் 1980களில் தீட்டிய ஓவியங்கள் எதையும் நடிக்கவில்லை. இருண்ட, நீண்டு மெலிந்த, வேதனையில் திருகிய அந்த உருவங்கள் இருபதாம் நூற்றாண்டின் கண்ணால் பார்க்கப்பட்ட பல்கேரிய வரலாறு என்பதை ஒளிக்காமல் சொல்கின்றன. அங்கே வழிபாடு நடைபெறுவதில்லை. பக்தர்கள் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தில் நம்பத்தகுந்த பகுதி அந்த ஓவியங்கள்தான். உங்கள் கடிதத்தில் ‘உச்சியில் தேவாலயம்’ என்று மட்டும் இருப்பதைப் பார்த்தால், நீங்கள் உள்ளே போகவில்லையோ என்று ஐயுறுகிறேன். மேலும், சாரெவெட்ஸ் குன்றிலும் அரண்மனை, மடங்கள், வீடுகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை அடித்தளங்களாகவே கிடக்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் நீங்கள் கோபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் சென்றிருக்க முடியும். முழங்கால் உயரச் சுவரை நீங்கள் முதலில் பார்த்தது செர்வெனில் அன்று.

செர்வென் எத்தகைய ஊர் என்று நினைத்தீர்கள்? டான்யூப் கரையிலுள்ள ருசே நகருக்குத் தெற்கே, செர்னி லோம் ஆறு மூன்று பக்கமும் அரித்துச் செங்குத்தாக்கிய பாறையின்மேல் ஒரு முழு நகரம் இருந்தது. 6ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஒரு பைசாந்தியக் கோட்டை இருந்தது. 1235 முதல் அது ஆயரின் இருக்கை. நெருக்கமான தெருக்கள், பாறையைச் செதுக்கி அதன்மேலேயே எழுப்பிய வீடுகள், பிரபுவின் தடித்த சுவர் மாளிகை, இரும்பு உருக்கும் பட்டறைகள், பத்துக்கும் மேற்பட்ட தேவாலயங்கள், நீருக்காகப் பாறைக்குள் குடைந்த நிலத்தடிப் பாதை என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. டர்னோவோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1388இல் உதுமானியர் அதைக் கைப்பற்றினார்கள். பின்னர் மக்கள் மெல்ல மெல்ல ருசேக்கு நகர்ந்தார்கள், நகரம் ஓய்ந்தது. மறைமாவட்டத்தின் பெயரில் மட்டும் செர்வென் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. ஊர் இல்லாத ஊருக்கு ஆயர் இருந்தார்.

பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நான் அங்கே கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பல்கேரிய மொழி அறிந்த நண்பர் ஒருவருடன் செர்வெனுக்குச் சென்றிருந்தேன். ஓர் ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார். அவர் எந்த ஆண்டையும் சொல்லவில்லை, எந்த அரசரையும் சொல்லவில்லை. ‘ஒவ்வொருவரும் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வாசல் எங்கே என்று கண்டுபிடியுங்கள்’ என்றாராம். முழங்கால் உயரச் சுவரில் வாசல் என்பது ஓர் இடைவெளி. ஆனால் எல்லா இடைவெளியும் வாசல் அன்று, சில இடிந்து உண்டானவை. பிள்ளைகள் குனிந்து, தடவி, ஒருவரோடொருவர் சண்டையிட்டார்கள். அடுத்து, அந்த வீட்டில் எத்தனை பேர் படுக்க முடியும் என்று பார்க்க, அவர்களையே உள்ளே படுக்கவைத்தார். நெருக்கியடித்துப் படுத்து, எழுந்து, அடுத்த அறைக்கு ஓடினார்கள். ஒரு சிறுவன் தேவாலயத்தின் அரைவட்டப் பகுதியில் போய்ப் படுத்துக்கொண்டு, ‘இங்கே இன்னும் வசதியாக இருக்கிறது’ என்றான். ஆசிரியை அவனைச் செல்லமாகத் தலையில் தட்டி, ‘இங்கே யார் படுப்பார்கள் என்று சொல்’ என்றார். அவன் சற்று யோசித்து, ‘யாரும் படுக்க மாட்டார்கள், சுவர் வளைந்திருக்கிறது, இது வீடு அன்று’ என்றான். நான் அங்கேயே ஒரு சுவர்மேல் உட்கார்ந்துவிட்டேன். வரலாற்றுத் துறையில் பட்டம் பெற்றவர்கள் அகழாய்வுக் குழியில் செய்வதைத்தான் அந்தப் பையன் செய்தான். கூரையுடனும் கதவுடனும் அந்தத் தேவாலயத்தைக் கட்டி வைத்திருந்தால், அவன் உள்ளே போய் நிமிர்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்து ஐஸ்கிரீம் கேட்டிருப்பான்.

உங்கள் மனைவி கேட்ட கேள்வியை நீங்கள் ஏமாற்றத்தின் சான்றாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் கடிதத்தின் மிகச் சிறந்த வரியாகப் படுகிறது. ‘இவ்வளவுதானா?’ என்ற கேள்விக்குப் பின்னால், மீதி எங்கே போயிற்று, யார் எடுத்துச் சென்றார்கள், ஆட்கள் எங்கே, ஏன் திரும்பி வரவில்லை என்ற கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. அவர் கதவைத் திறந்தார், நீங்கள் காரின் சாவியைத் தேடினீர்கள். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கைப்பேசியைப் பற்றி எனக்கு அறிவுரை எதுவும் இல்லை. அவர்கள் தங்கள் தந்தையின் முகத்தைப் பார்த்துத்தான் அதை எடுத்திருப்பார்கள்.

மறுபடி செல்வீர்களானால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். ருசேயிலிருந்து முதலில் இவானோவோவுக்குச் சென்று, பாறையில் குடைந்த தேவாலயத்தில் 14ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் தீட்டியவற்றைப் பாருங்கள். யுனெஸ்கோ 1979இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்த இடம் அது. செர்வெனில் அந்தக் கோபுரம் எழுந்த அதே நூற்றாண்டின் வண்ணம் அங்கே இன்னும் பாறையில் ஒட்டியிருக்கிறது. பிறகு செர்வெனுக்குப் போய், அரை நாளை முழுதாகக் கொடுங்கள். மறுநாள் டர்னோவோ. பால்ட்வின் கோபுரத்தின் அடியில் நின்று, ‘இதை எங்கோ பார்த்திருக்கிறோமே’ என்று பிள்ளைகளில் ஒருவராவது சொல்கிறாரா என்று காத்திருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.