ஆலய வழிபாட்டில் பாடகர் குழுவின் வேலை என்ன? குழு பாட, மக்கள் கேட்டுக்கொண்டு நிற்பது சரியா?

கேள்வி கேட்டவர் தன் பங்கில் (தன் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில்) நடப்பதை எழுதியிருக்கிறார். ஞாயிறு பூசையில் கீபோர்டு, ரிதம் பேடு, நாலைந்து மைக் என்று பாடகர் குழு நன்றாகவே பாடுகிறதாம். ஆனால் பெஞ்சில் இருக்கிற யாரும் வாய் திறப்பதில்லையாம். இப்படி இருக்கலாமா, அப்படியென்றால் குழு எதற்கு என்று கேட்கிறார்.

இப்படி இருக்கக் கூடாது என்பதுதான் என் பதில். மக்களைப் பாட வைப்பது குழுவின் முதல் வேலை. குழு எவ்வளவு அழகாகப் பாடினாலும், கடைசி வரிசையில் நிற்கிற அம்மாவும் தாத்தாவும் பாடவில்லை என்றால் அன்றைக்கு வேலை பாதியில் நிற்கிறது.

நான் பாம்பன் தீவுக்காரி. சிவகங்கை மறைமாவட்டம். எங்கள் பங்கில் பல வருடங்களாகக் குழுவில் பாடுகிறேன். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் கத்தோலிக்கத் திருப்பலியை, அதாவது பூசையை, வைத்தே சொல்கிறேன். மற்ற சபைகளைப் பற்றியும் போகிற போக்கில் கொஞ்சம் வரும்.

1960-கள் வரை பூசை லத்தீனில்தான். குழுவும் லத்தீனில் பாடும். மக்கள் அவரவர் இடத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். தமிழ்ப் பாட்டுக்கு இடம் நவநாள், சப்பரம், மாதா வணக்கம் என்று பெரும்பாலும் பூசைக்கு வெளியேதான் இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு இதை மாற்றியது. மக்கள் உணர்ந்து, செயலோடு பங்கெடுக்க வேண்டும் என்று அது கேட்டது. அதே ஏடுதான் பாடகர் குழுக்களை ஊக்கமாக வளர்க்கவும் சொன்னது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. ஆகவே 'மக்கள் பாடட்டும், குழுவே வேண்டாம்' என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பாட்டைத் தொடங்கவும் சுருதி பிடிக்கவும் ஆள் இல்லாத கோயிலில் மக்கள் இழுத்து இழுத்துப் பாடி, இரண்டாவது சரணத்தில் ஓய்ந்துவிடுவார்கள்.

1967 மார்ச் 5 அன்று ரோமிலிருந்து வந்த திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. குழுவுக்கென்று சில பகுதிகளைத் தனியாகக் கொடுக்கலாம்; ஆனால் பூசையின் மொத்தப் பாட்டையும் குழுவிடமே விட்டுவிட்டு மக்களை முழுக்க ஒதுக்குவதை ஏற்க முடியாது என்கிறது. குழுவும் இறைமக்களில் ஒரு பகுதி என்பது தெரிகிற மாதிரிதான் அதன் இடம் அமைய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் பக்கம் சில கோயில்களில் பீடத்துக்குப் பக்கவாட்டில் மேடை மாதிரி போட்டு, மக்களைப் பார்த்தபடி குழுவை நிறுத்துகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நாம் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறோம் என்ற நினைப்பு அங்கே போய்விடுகிறது.

பூசையில் எல்லாப் பாட்டும் ஒரே எடை கிடையாது. இதுதான் குழுக்களுக்கே பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சி நேரம் பெரும்பாலும் வருகைப் பாடலுக்கும் நற்கருணைப் பாடலுக்கும்தான் போகிறது. ஆனால் மக்களுக்கே உரியது என்று திருச்சபை வைத்திருப்பது வேறு: குருவானவர் சொல்ல நாம் சொல்லும் பதில்கள், 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'தூயவர்', 'ஆமென்', பதிலுரைப் பாடலின் பல்லவி. இவற்றில் 'தூயவர்' குருவும் மக்களும் சேர்ந்தே பாட வேண்டியது. திருவிழாவுக்குத் திருவிழா அதற்குப் புது மெட்டுப் போட்டால் அன்றைக்குக் குழுவைத் தவிர யாராலும் பாட முடியாது. ஒரு பங்குக்கு 'தூயவர்' இரண்டு மெட்டில் தெரிந்தால் போதும், சாதாரண ஞாயிறுக்கு ஒன்று, பெருவிழாவுக்கு ஒன்று. அந்த இரண்டையும் மூன்று வயதுப் பிள்ளைகூடப் பாடும்.

பதிலுரைப் பாடல் திருப்பாடல்களிலிருந்து வருவது. முதல் வாசகத்துக்கு மக்கள் தரும் பதில் அது. அந்த இடத்தில் நேரத்தை நிரப்ப வேறு ஏதாவது தியானப் பாட்டைப் போடக் கூடாது என்று பூசை விதிகளே சொல்கின்றன. ஒருவர் முன்னால் நின்று அடிகளைப் பாட, மக்கள் பல்லவியைத் திருப்பிப் பாட வேண்டும். இதற்கு நல்ல குரலைவிட நல்ல உச்சரிப்பு முக்கியம். எங்கள் குழுவில் இதை ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு பிள்ளைக்குக் கொடுப்போம். 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் புகழ்ச்சிப் பாடலுக்கும் இப்படி விதி உண்டு. அதன் வார்த்தைகளை வெட்டியோ வேறு வரிகள் சேர்த்தோ மாற்றிப் பாடுவதற்கு அனுமதி கிடையாது; ஆனாலும் பாதி வரியை விட்ட மெட்டுகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

இனி எங்கள் கடற்கரைக்கே உரிய விஷயம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகும் நாட்கள் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிப் போன படகு ஞாயிறு காலையில்தான் கரைக்குத் திரும்பும். மீனை இறக்கி, வலையைப் பார்த்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வருவதற்குள் முதல் பூசை முடிந்திருக்கும். அதனால் காலைப் பூசையில் பெண்களும் வயதானவர்களும் பிள்ளைகளும்தான் அதிகம். குழுவிலும் பெண் பிள்ளைகள்தான் முக்கால்வாசி. அவர்கள் தங்களுக்கு வசதியான உயரத்தில் பாட்டை எடுப்பார்கள். பெரியம்மாக்களுக்கு அது எட்டாது; இரண்டு வரி முயற்சி செய்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். தாமதமாக வந்து கதவுப் பக்கம் நிற்கிற ஆண்கள் தொடங்கவே மாட்டார்கள். 'எங்கள் பங்கில் யாருக்கும் பக்தி இல்லை' என்று இதைப் பார்த்து வருத்தப்படுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பக்திக்குக் குறைவே இல்லை, பாட்டுதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இதற்கு வழி சுலபம். கீபோர்டில் நடு 'சி'க்கு அடுத்து மேலே வரும் 'சி', மிஞ்சிப்போனால் அதற்கடுத்த 'டி'. மக்கள் பாட வேண்டிய பாட்டின் உச்சி அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி இறக்கிவிடுங்கள். குழுவில் நன்றாகப் பாடும் பிள்ளைக்கு முகம் வாடும்தான். நற்கருணைக்குப் பிறகு ஒரு தனிப் பாட்டு அவளுக்குக் கொடுங்கள், அங்கே அவள் எவ்வளவு உயரத்துக்கும் போகலாம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்) விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள். கோயில் நிறைந்திருக்கும். புதுப் பாட்டு சொல்லிக் கொடுக்க எங்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால் குழுத் தலைவர் முன்னால் வந்து பல்லவியை மட்டும் இரண்டு தடவை மக்களோடு பாடிப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒரு புதுப் பாட்டு போதும். அதற்கு மேல் போனால் எதுவும் நிற்காது.

அப்புறம் மைக். நீங்கள் எழுதியதில் எனக்கு அதிகம் உறுத்தியது அந்த நாலைந்து மைக்தான். தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் மனிதன் பாட மாட்டான். பெட்டி பெட்டியாய் ஸ்பீக்கர் வைத்து ரிதம் பேடை முழங்க விட்டால், பக்கத்தில் நிற்கிறவர் பாடுகிறாரா என்றுகூடத் தெரியாது. இசைக்கருவி குரலைத் தாங்க வேண்டும், வார்த்தை புரியாதபடி அதை மூடக் கூடாது என்று அந்த 1967 அறிவுரையிலேயே இருக்கிறது. குருவானவர் தமக்குரிய மன்றாட்டைச் சத்தமாகச் சொல்லும்போது கருவிகள் மௌனமாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எழுந்தேற்ற நேரத்தில் (குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது) பின்னணியாக மெல்லிசாகக் கீபோர்டு வாசிப்பது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. வாசிக்கிற தம்பி பக்தியோடுதான் வாசிக்கிறான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.

தவக்காலத்தில் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான் கருவி. தனி இசை கிடையாது. 'உன்னதங்களிலே'யும் கிடையாது. நடுவில் மார்ச் 19, சூசையப்பர் பெருவிழா வரும். ராமேஸ்வரம் வேர்க்கோடு மாதிரி அவர் பெயரில் கோயில் உள்ள ஊர்களில் மட்டும் இல்லை, எல்லாக் கோயில்களிலும் அன்றைக்கு 'உன்னதங்களிலே' பாடலாம், கருவியும் முழுதாக வாசிக்கலாம். மறுநாளே மறுபடி அடங்கிவிட வேண்டும். பெரிய வியாழனன்று 'உன்னதங்களிலே' பாடி மணி அடித்த பிறகு பாஸ்காத் திருவிழிப்பு (உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின இரவு வழிபாடு) வரை மணிச் சத்தமே இருக்காது. இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு குழு ஒழுங்காகக் கடைப்பிடித்தால், பிரசங்கம் கேட்காத ஆளுக்குக்கூட இது என்ன காலம் என்று காது வழியே தெரிந்துவிடும். வருடம் முழுக்க ஒரே முழக்கத்தில் வாசிக்கிற பங்கில் உயிர்ப்புத் திருநாளும் இன்னொரு ஞாயிறு மாதிரியே வந்துபோகும்.

குழுவே இல்லாமல் மக்கள் பாடிய பழக்கம் எங்கள் கடற்கரைக்குப் புதிது இல்லை. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் (இயேசுவின் பாடுகளைப் பற்றிய புலம்பல்) படிப்பது இந்தக் கரையிலும் இலங்கையான அந்தக் கரையிலும் இருக்கிறது. கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழில் எழுதியது. படிக்கிறார்கள் என்று சொன்னாலும் அது ராகம் போட்டு இழுத்துச் சொல்வதுதான். வயதான அம்மாக்கள் அதற்குப் பதில் குரல் கொடுப்பதை ஒருமுறை கேட்டால், எங்கள் ஜனங்களுக்குப் பாட வராது என்று யாரும் சொல்ல மாட்டீர்கள். துட்டி வீட்டில் ஒப்பாரி சொல்லிப் பழகிய குரல் அது. மைக்கோ கீபோர்டோ அதற்குத் தேவைப்பட்டதே இல்லை.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும். ராமேஸ்வரத்திலிருந்து படகில் நம் ஆட்கள் போவார்கள், யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து அவர்கள் வருவார்கள். முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி. மறுநாள் காலை திருவிழாப் பூசை. வந்திருக்கிற கூட்டம் முன்பின் ஒன்றாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்ததில்லை. மெட்டில் ஆங்காங்கே சின்ன வித்தியாசம் இருக்கும், அவர்கள் நீட்டுகிற இடத்தில் நாம் நிறுத்துவோம். இருந்தும் தெரிந்த பாட்டை ஒருவர் எடுத்தால் மொத்தக் கூட்டமும் பிடித்துக்கொள்ளும். பழைய பாட்டுகளைக் கைவிடாதீர்கள் என்று குழுக்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். பாட்டியும் பேத்தியும், இந்தக் கரையும் அந்தக் கரையும் சேர்ந்து பாடக்கூடியது அந்தப் பழைய பாட்டு ஒன்றுதான்.

பெருவிழாவுக்கு வெளியூர்க் குழுவைக் காசு கொடுத்துக் கூட்டிவருவது எங்கள் பக்கம் அதிகமாகிவிட்டது. தேர்பவனிக்கோ இரவு நிகழ்ச்சிக்கோ கூட்டிவாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திருவிழாப் பூசையை மட்டும் உள்ளூர்க் குழுவுக்கு விட்டுவிடுங்கள். வருடம் முழுக்கக் காலை ஐந்தரைக்கு எழுந்து வந்து பாடிய பிள்ளைகளை, ஊரே புதுத்துணி உடுத்தி வருகிற அன்றைக்குக் கீழே உட்கார வைப்பது எனக்கு மனசு பொறுக்காத காரியம். சினிமா மெட்டில் பக்தி வரிகளைப் போட்டுப் பாடுவதும் எனக்கு ஒப்பாது. பாடுகிறவர் மனசு படத்துக்குப் போய்விடும்.

எல்லாப் பாட்டையும் மக்களே பாட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. காணிக்கை நேரத்தில் குழு மட்டும் பாட, மக்கள் மனசால் சேர்ந்துகொள்ளலாம். கேட்பதும் ஜெபம்தான். பாட்டு முடிந்தபின் ஒரு நிமிடம் அமைதி விட்டால் அது இன்னும் ஆழமாக இறங்கும்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களில் பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்கள் கையில் இருப்பதால் சபை பாடுவது இயல்பாகவே நடக்கிறது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளைப் புத்தகம் பார்க்காமல் பாடுகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். பெந்தெகொஸ்தே சபைகளில் ஆராதனையை நடத்துகிறவரே பாடித்தான் நடத்துவார், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதால் புதிதாக வந்தவரும் சேர்ந்துகொள்கிறார். அங்கேயும் சத்தம் எல்லை மீறினால் இதே சிக்கல்தான்.

நீங்கள் செய்யக்கூடியது இது. குழுவைப் பற்றி வெளியே குறை பேசாமல், நேராகப் பங்குத்தந்தையிடமும் குழுத் தலைவரிடமும் போய்ச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே குழுவில் சேருங்கள். மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: 'தூயவர்' மெட்டை ஒரு வருடத்துக்கு மாற்ற வேண்டாம், மைக்கை இரண்டாகக் குறைக்க வேண்டும், பாட்டின் வரிகள் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தில் கீபோர்டை நிறுத்திவிட்டு மக்கள் குரலை மட்டும் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் சத்தம் கம்மியாகத்தான் வரும். குழு அதற்காக மறுபடி மைக்கைக் கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.